படைவீரருக்கு 30 தோட்டா மெகசினே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளேட்டின் வாசகர் பகுதியில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பணியாற்றும் பொறியியலாளர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். நிறுவன வேலையாகச் சில காலம் டெக்சாஸில் தங்கியிருந்த அவர், அங்குள்ள துப்பாக்கி சுடும் திடல் ஒன்றில் 60 தோட்டா மெகசினையும் (ரைபிளில் செருகும் தோட்டாப் பெட்டி) 100 தோட்டா டிரம் மெகசினையும் (உருளை வடிவப் பெட்டி) பயன்படுத்திப் பார்த்ததாகவும், 30 தோட்டாவுக்கு ஒருமுறை நிறுத்தி மெகசினை மாற்றுவது காலத்துக்கு ஒவ்வாத வழக்கம் என்றும், நம் மலேசிய இராணுவ வீரர்கள் அனைவருக்கும் பெரிய மெகசின்களையே வழங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். நாட்டின் பாதுகாப்பில் அவருக்கு உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆயினும், இராணுவத்தில் ஆயுதக் கிடங்குப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அவருடைய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. ரைபிள் ஏந்தி நடக்கும் வீரருக்கு 30 தோட்டா மெகசினே போதும். அதைவிடப் பெரியது அவருக்குத் தரும் நன்மை சிறியது, அவர்மீது ஏற்றும் சுமை பெரியது என்பதே என் கருத்து.

30 என்ற எண்ணிக்கை யாரோ மேசையில் உட்கார்ந்து விருப்பப்படி வைத்ததன்று. 1948ல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் அவசரகாலம் தொடங்கியபோது மலாயாக் காட்டுக்குள் சென்ற படையினரின் லீ என்ஃபீல்டு ரைபிளில் 10 தோட்டாக்கள்தாம் இருந்தன. அதற்குப் பின் வந்த எஸ்.எல்.ஆர். ரைபிள் 20 தோட்டா மெகசினைக் கொண்டது. அமெரிக்காவின் எம்.16 ரைபிளும் முதலில் 20 தோட்டா மெகசினோடுதான் வந்தது. வியட்நாமில் எதிர்த்தரப்பினரின் ஏகே 47ல் 30 தோட்டாக்கள் இருந்ததைக் கண்ட அமெரிக்க வீரர்கள் தங்களுக்கும் அதே அளவு வேண்டும் என்று கேட்டதன் விளைவாகவே, 1960களின் பிற்பகுதியில் எம்.16க்கு 30 தோட்டா மெகசின் உருவானது. அந்த மாற்றம் தேவையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்துத் தோட்டாவைக் கூட்டுவதற்கே பொறியாளர்கள் பட்ட பாட்டை நம் நண்பர் அறிந்திருந்தால், அதை இரட்டிப்பாக்குவதும் மும்மடங்காக்குவதும் எளிது என்று எழுதியிருக்க மாட்டார்.

சிக்கல் தோட்டாவின் வடிவத்திலேயே இருக்கிறது. தோட்டாவின் பித்தளைக் கூடு அடியில் சற்று அகன்றும் நுனியை நோக்கிச் சற்றுக் குறுகியும் இருப்பதால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுக்கு தானாகவே வளையும். ஏகே தோட்டாவின் கூடு கூடுதலாகக் குறுகுவதால் அதன் மெகசின் முழுவதும் வாழைப்பழம் போல வளைந்திருக்கிறது. எம்.16ன் மெகசின் நுழையும் குழியோ நேரான 20 தோட்டா மெகசினுக்காகச் செய்யப்பட்டது. எனவே 30 தோட்டா மெகசினின் மேற்பகுதி நேராகவும் கீழ்ப்பகுதி வளைவாகவும் இருக்க வேண்டியதாயிற்று. நேர்க்கோடும் வளைவும் சந்திக்கும் அந்த இடத்தைத் தோட்டாக்கள் கடக்கும்போது, அவற்றைக் கீழிருந்து தாங்கும் தட்டு சாய்ந்துவிட்டால் அடுத்த தோட்டா சரியான கோணத்தில் மேலே வராது. குழலின் பின்புறத்தை மூடித் திறக்கும் போல்ட் அதைத் தள்ளும்போது குழல் அறைக்குள் போகாமல் முட்டிக்கொள்ளும். இந்தத் தட்டு சாயாமல் இருப்பதற்காகவே அமெரிக்க இராணுவம் பல பத்தாண்டுகளாக அதன் வடிவத்தை மாற்றிக்கொண்டே வந்தது. 2009ல் ஒரு திருத்தம் வந்தது. 2016ல் முற்றிலும் புதிய வடிவில் இன்னொன்று வந்தது. அவை அனைத்தும் 30 தோட்டா மெகசினுக்குச் செய்யப்பட்ட திருத்தங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 20 தோட்டா மெகசினில் 18ம், 30 தோட்டா மெகசினில் 28ம் போடுவது வியட்நாம் காலத்திலிருந்தே வீரர்களிடையே பரவிய பழக்கம். முழுமையாக நிரப்பினால் ஸ்பிரிங் இறுகி, போல்ட் மூடியிருக்கும் நிலையில் மெகசினைச் செருகும்போது கொக்கி சரியாகப் பிடிக்காமல் போகக்கூடும். ஓரிரு அடிகள் நடந்த பின் மெகசின் கழன்று கீழே விழும். பட்டியலில் அச்சிடப்படும் கொள்ளளவுக்கும் வீரர் நம்பிப் போடும் எண்ணிக்கைக்கும் உள்ள இந்த இடைவெளியை விற்பனை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இப்போது பெரிய மெகசின்களுக்கு வருவோம். 60 தோட்டா மெகசின்களில் ஒரு வகை, தோட்டாக்களை நான்கு வரிசையாக அடுக்கி, மேலே வரும்போது அவற்றை இரண்டு வரிசையாகக் குறுக்குகிறது. அந்தக் குறுகும் கழுத்தில் தோட்டாக்கள் ஒன்றையொன்று உரசி நெருக்கும். புதிதாக, தூய்மையாக இருக்கும்வரை அது நன்றாகவே வேலை செய்யும். செம்மண் சேறும் மணலும் ஈரமும் சேரும்போது உராய்வு எந்த இடத்தில் கூடும் என்பதை ஊகிக்க ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. பீட்டா சி-மேக் எனப்படும் 100 தோட்டா இரட்டை டிரம், இரு பக்கமும் இரண்டு உருளைகள் சுழன்று, நடுவில் உள்ள ஒரே கழுத்துக்கு மாறி மாறித் தோட்டாக்களை அனுப்பும் பொறி. அதன் உள்ளே எண்ணெய் போடுவதில்லை, கிராஃபைட் தூள்தான் போடுவார்கள். பொறியியல் நோக்கில் அது வியக்கத்தக்க வேலைப்பாடு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கடிகாரம் போன்ற அந்த வேலைப்பாட்டைக் கிரிக்கிலிருந்து பெலும் காட்டுக்குள் ஆற்றைக் கடந்து கொண்டுசெல்ல வேண்டுமா என்பதுதான் கேள்வி.

மெகசின் என்பது தேயும் பொருள் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எம்.16ன் அலுமினிய மெகசின் மலிவாகச் செய்து, பழுதானால் எறிந்துவிடலாம் என்ற எண்ணத்தில் உருவானது. உலகின் எல்லா இராணுவங்களிலும் நடப்பது போல, எறிய வேண்டியதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவதே வழக்கமாகிவிட்டது. தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் உதடுகள் சற்று விரிந்தாலே போதும், இரண்டு தோட்டாக்கள் ஒரே நேரத்தில் மேலே வந்து துப்பாக்கி நின்றுவிடும். இளம் வீரர்கள் துப்பாக்கியையே குறை சொல்லிக் கிடங்குக்கு எடுத்து வருவார்கள். பெரும்பாலும் துப்பாக்கியில் ஒன்றும் இருக்காது, மெகசினை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். 30 தோட்டா மெகசினில் இப்படி ஒன்று கெட்டால் வீரர் இழப்பது அவர் ஏழு மெகசின்களில் சுமக்கும் 210 தோட்டாக்களில் ஏழில் ஒரு பங்கு. 100 தோட்டா டிரம்மில் கெட்டால் ஏறத்தாழப் பாதி போய்விடும்.

எடைக் கணக்கையும் பார்க்கலாம். 5.56 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று ஏறத்தாழ 12 கிராம். 30 தோட்டா நிரப்பிய மெகசின் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 100 தோட்டா நிரப்பிய சி-மேக் 2 கிலோவுக்கு மேல். எம்.16ஏ1 ரைபிளின் எடையே 3 கிலோவுக்குள்தான் என்னும்போது, அந்த டிரம்மை மாட்டியதும் கையில் இருப்பது வேறொரு ஆயுதமாகவே ஆகிவிடுகிறது. தோட்டாவுக்குத் தோட்டா பார்த்தால் மொத்த எடையில் பெரிய வேறுபாடு இல்லையே என்று நண்பர் கேட்கலாம். எடை எங்கே தொங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. இரண்டு வாளி ரப்பர் பாலைக் காண்டாக் கம்பில் (இரு முனையிலும் வாளி தொங்கும் சுமைக்கம்பு) தோளில் சுமந்து தோட்டத்தில் நடந்தவர்களுக்கு, அதே எடையை ஒரு கையில் நீட்டிப் பிடித்தபடி நடப்பது எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. இடுப்பிலும் மார்பிலும் பரவிக் கிடக்கும் ஏழு மெகசின்கள் உடலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கியின் அடியில் தொங்கும் டிரம்மோ கொடியில் மாட்டும், தொடையில் இடிக்கும், குறி வைக்கும் கையைச் சோர்வாக்கும்.

குப்புறப் படுத்துச் சுடுவதைப் பற்றியும் அக்கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. திடலில் நின்றுகொண்டு சுடுபவருக்கு அது நினைவுக்கு வராமல் இருப்பது இயல்பே. மெகசின் நீளமானால், படுத்திருக்கும் வீரர் குறி வைப்பதற்காகத் தலையையும் தோளையும் உயர்த்த வேண்டியிருக்கும்; எதிரி சுடும்போது தலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. 1990களில் நம் படையில் புழக்கத்துக்கு வந்த ஸ்டெயர் ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மெகசின் கைப்பிடிக்குப் பின்னால், தோளுக்கு அருகே செருகப்படும். ஸ்டெயருக்கு 30 தோட்டா மெகசினும் உண்டு, 42 தோட்டா மெகசினும் உண்டு. இரண்டாவது, கனமான குழல் பொருத்திய, தொடர்ந்து சுடுவதற்கான வகையை எண்ணிச் செய்யப்பட்டது. சாதாரண ஸ்டெயரில் அந்த நீண்ட மெகசினைப் போட்டுக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தால் என் பேச்சு விளங்கும். ஸ்டெயரின் மெகசின் உள்ளே எத்தனை தோட்டா மீதமிருக்கிறது என்று தெரியும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. வீரருக்கு அந்தத் தெளிவு 12 கூடுதல் தோட்டாக்களைவிடப் பயன் தருவது என்று எனக்குத் தோன்றும்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது வெப்பம். எம்.16 தானியங்கி நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 800 தோட்டா வேகத்தில் சுடும். அப்படிச் சுட்டால் 30 தோட்டாக்கள் இரண்டரை நொடியில் தீர்ந்துவிடும், 100 தோட்டாக்கள் ஏறத்தாழ எட்டு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் தொடர்ந்து சுடுவதற்கு அந்த ரைபிளுக்கு வகுக்கப்பட்ட வேகம் நிமிடத்துக்கு 12 முதல் 15 தோட்டா மட்டுமே. இரண்டு நிமிடத்துக்குள் 140 தோட்டா சுட்ட துப்பாக்கியைச் சூடேறிய ஆயுதமாகக் கருத வேண்டும் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. அந்த நிலையில் அறைக்குள் தங்கிவிட்ட தோட்டா, விசையைத் தொடாமலே குழலின் சூட்டால் வெடிக்கக்கூடும். 2008 ஜூலை 13 அன்று ஆப்கானிஸ்தானின் வானாட் என்னும் இடத்தில் நடந்த சண்டையில் ஒன்பது அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தார்கள். உயிர் தப்பியவர்கள், இடைவிடாமல் சுட்டதால் தங்கள் ரைபிள்கள் சூடேறிச் செயலிழந்ததைப் பின்னர் விவரித்தார்கள். அவர்களிடம் இருந்தவை 30 தோட்டா மெகசின்களே. மெலிந்த குழல் கொண்ட, போல்ட் மூடிய நிலையில் சுடும் ரைபிளுக்கு வரம்பு விதிப்பது குழலே அன்றி மெகசின் அன்று. மெகசின் மாற்ற எடுக்கும் அந்த இரண்டு மூன்று நொடி, உண்மையில் குழலுக்கும் வீரரின் மூச்சுக்கும் குறிக்கும் கிடைக்கும் ஓய்வு.

இதில் நண்பரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. காட்டில் பதுங்கித் தாக்குதல் நடக்கும்போது, முதல் சில நொடிகளிலேயே வெற்றி தோல்வி தீர்மானமாகிவிடுகிறது. 1968 முதல் 1989 வரை நீடித்த இரண்டாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்தில் பாலிங், கிரிக், சுங்கை சிப்புட் வட்டாரக் காடுகளில் ரோந்து சென்றவர்களைக் கேட்டால், எதிரி சில அடி தூரத்தில் இருந்தும் கண்ணுக்குப் புலப்படாத பச்சை இருளைப் பற்றிச் சொல்வார்கள். அந்த நிலையில் துப்பாக்கியில் மாட்டியிருக்கும் முதல் மெகசினில் கூடுதல் தோட்டா இருப்பது பயனே. இதை உணர்ந்துதான் பலர் இரண்டு மெகசின்களைத் தலைகீழாகச் சேர்த்து டேப் சுற்றிக்கொள்வார்கள். கிடங்கில் இருந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் பிடிக்கவே பிடிக்காது. கீழ்நோக்கித் தொங்கும் மெகசினின் வாய் சேற்றை வாரிக்கொள்ளும், தரையில் ஊன்றினால் உதடு நெளியும், சரியாகத் தேவைப்படும் கணத்தில் அது கைவிடும். எனவே தேவை உண்மை, ஆனால் அதற்குத் தேர்ந்தெடுக்கும் வழி ஆளுக்கு ஆள் வேறுபடும்.

தொடர்ந்து சுடும் தேவைக்கு வழி, சிறு படைக்குழுவான செக்‌ஷனில் ஒருவர் இருவரிடம் அதற்கென்றே செய்யப்பட்ட ஆயுதத்தைக் கொடுப்பது. பெல்ட் மூலம் தோட்டா ஊட்டப்படும் மினிமி போன்ற இலகு இயந்திரத் துப்பாக்கி, கனமான குழலோடும் சூடேறினால் குழலை மாற்றும் வசதியோடும் வருவது அதற்காகத்தான். அங்கே 200 தோட்டா பெல்ட் பொருத்தமானது. ஏகே குடும்பத்தில் ஆர்.பி.கே. இலகு இயந்திரத் துப்பாக்கிக்கு 40 தோட்டா மெகசினும் 75 தோட்டா டிரம்மும் இருப்பதும் அதே காரணத்தால். ஆயினும் அமெரிக்க மரீன் படை 2011 முதல் தன் செக்‌ஷன்களுக்கு வழங்கிய எம்.27 தானியங்கி ரைபிள், பெல்ட் ஆயுதத்தின் இடத்துக்கு வந்தும் 30 தோட்டா மெகசினோடுதான் வந்தது. குறைந்த தோட்டா, கூடுதல் துல்லியம் என்பது அவர்களின் வாதம். அதை எல்லாரும் ஏற்கவில்லை என்பதும் உண்மை. 2022ல் அமெரிக்க இராணுவம் தேர்ந்தெடுத்த புதிய 6.8 மில்லிமீட்டர் ரைபிளோ 20 தோட்டா மெகசினுக்கே திரும்பியிருக்கிறது. வீரர் சுமக்கும் தோட்டாக்கள் 210லிருந்து 140 ஆகக் குறைந்ததற்கு அங்கேயே கடும் விமர்சனம் உண்டு. நானும் அந்தக் குறைப்பு அளவுக்கு மீறியது என்றே நினைக்கிறேன். ஆனால் செலவைப் பற்றிக் கவலைப்படாத அந்த இராணுவமே எல்லாருக்கும் 60, 100 என்று போகவில்லை என்பதை நண்பர் சிந்திக்க வேண்டும்.

நிரப்பும் வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இராணுவத் தோட்டாக்கள் பத்துப் பத்தாகக் கிளிப்பில் கோத்து வரும்; மூன்று கிளிப்புகளை அழுத்தினால் 30 தோட்டா மெகசின் நிரம்பிவிடும். டிரம்மை நிரப்பத் தனிக் கருவியும் பொறுமையும் வேண்டும், இரவில் மழையில் இரண்டும் கிடைப்பதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

அப்படியானால் பெரிய மெகசினால் யாருக்குப் பயன் அதிகம் என்ற கேள்வி எழுகிறது. எதிரி திருப்பிச் சுடாத இடத்தில், படுக்கத் தேவையில்லாத இடத்தில், காட்டில் நடக்கத் தேவையில்லாத இடத்தில் சுடுபவருக்கே பயன் அதிகம். சுடும் திடலில் பொழுதைக் கழிப்பவர் அவர்களில் ஒருவர். அவரால் யாருக்கும் தீங்கில்லை. மற்றவர் யார் என்பதை அமெரிக்காவின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது. 2019 ஆகஸ்டில் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், 100 தோட்டா இரட்டை டிரம் பொருத்திய துப்பாக்கியால் ஒருவன் அரை நிமிட அளவில் ஒன்பது பேரைக் கொன்றான். அருகிலேயே காவலர்கள் இருந்து அவனைச் சுட்டு வீழ்த்தியும் அவ்வளவு உயிர்கள் போயின. 2012 ஜூலையில் கொலராடோவின் அரோரா திரையரங்கில் 12 பேரைக் கொன்றவனின் 100 தோட்டா டிரம் நடுவில் சிக்கிக்கொண்டது. சிக்காமல் இருந்திருந்தால் என்று எண்ணவே அஞ்சுகிறேன். 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் நகரில், கைத்துப்பாக்கியில் 33 தோட்டா மெகசினைத் தீர்த்துவிட்டு அடுத்ததை மாற்ற முயன்ற நொடியில்தான் பொதுமக்கள் கொலையாளியை மடக்கிப் பிடித்தார்கள். பயிற்சி பெற்ற வீரருக்கு இரண்டு மூன்று நொடியில் முடியும் மெகசின் மாற்றம், நிராயுதபாணியாக நிற்பவர்களுக்கு ஓடுவதற்கோ பாய்ந்து பிடிப்பதற்கோ கிடைக்கும் ஒரே வாய்ப்பாக இருக்கிறது.

இதனால்தான் பல நாடுகள் பொதுமக்களுக்கான மெகசினுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. அமெரிக்க மத்திய அரசு 1994 முதல் 2004 வரை, 10 தோட்டாவுக்கு மேற்பட்ட புதிய மெகசின்களின் விற்பனைக்குத் தடை விதித்திருந்தது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவற்றுக்கு விலக்கு அளித்ததால் அச்சட்டம் ஓட்டைப் பானையாகிவிட்டது. கலிஃபோர்னியாவில் 10 தோட்டா வரம்பு இன்றும் உண்டு. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நண்பர் வாழ்ந்த டெக்சாஸில் வரம்பே இல்லை. கனடாவில் பெரும்பாலான அரைத்தானியங்கி ரைபிள்களுக்கு 5 தோட்டாதான். நியூசிலாந்து, 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பின், ஒரு மாதத்துக்குள்ளாகவே அத்தகைய துப்பாக்கிகளோடு பெரிய மெகசின்களையும் தடை செய்தது.

நம் நாட்டில் இந்த விவாதத்துக்கே இடமில்லை என்பது நமக்கு வாய்த்த நன்மை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற வரையறைக்குள் வருகின்றன. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 1971ஆம் ஆண்டின் கடும் தண்டனைச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நண்பரின் கடிதத்தைப் படித்த இளைஞர்கள் சிலர், இணையக் கடைகளில் இத்தகைய மெகசின்களும் அவற்றின் பொம்மை வடிவங்களும் மலிவாகக் கிடைப்பதாக எங்கள் வட்டாரத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டேன். போலி ஆயுதம் வைத்திருப்பதே அதே ஆயுதச் சட்டத்தில் குற்றம் என்பதைப் பெற்றோர்கள் அவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

நம் வீரர்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று நண்பர் உண்மையாகவே விரும்பினால், கேட்க வேண்டியவை வேறு. உதடு விரிந்த, ஸ்பிரிங் தளர்ந்த பழைய மெகசின்களைக் குறித்த காலத்தில் கழித்து, சாயாத தட்டு பொருத்திய புதிய 30 தோட்டா மெகசின்களை வழங்கச் சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டே மெகசின் மாற்றும் அளவுக்குப் பயிற்சித் தோட்டாக்களைக் கூட்டித் தரச் சொல்லலாம். கனமான குழல் கொண்ட ஆயுதத்தை ஏந்துபவருக்கு மட்டும் 40 தோட்டா அளவிலான மெகசின்களைக் கொடுத்து, ஓராண்டு மழைக்காலம் முழுவதும் காட்டில் சோதித்துப் பார்க்கலாம் என்றால், அதற்கு நானும் ஆதரவு தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சார்ஜன் ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.